அட்டையின் கடைசிப் பச்சை

மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சோதனைக் குழாயை ஒழுங்காகக் கழுவுவதில்லை. போன முறை விட்ட மருந்தின் மிச்சம் அடியில் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிச் சொட்டு விடுவார்கள். நான் குழாயைச் சோதிக்கப்போகிற தண்ணீராலேயே திரும்பத் திரும்ப அலசுவேன். மருந்துக் குப்பியைச் செங்குத்தாகப் பிடிப்பேன். சாய்த்தால் சொட்டு சிறுத்துவிடும். குழாயின் வாயை விரலால் மூடிக் குலுக்கமாட்டேன். வந்த நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கமாட்டேன், வாசலுக்கு எடுத்துவந்து வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உலகநாதன் சார், என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததும் நீங்கள் கேட்ட கேள்வி, "அவசரத்துல ஏதாவது தப்பு பண்ணிட்டியா தமிழரசு?" என்பதுதான். அவசரத்தில் எதுவும் செய்யவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் கம்பெனியில் தொட்டிக் கரைசல்களைச் சோதிக்கிற வேலை. மாலையில் வேதியியல் டிப்ளமோ வகுப்பு. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். நான் சொல்வது சரியா என்று எனக்கே எப்போதும் சந்தேகம். அதனால்தான் டெஸ்ட் கிட் எனக்குப் பிடித்துப்போனது. அதற்கு என் தயவு தேவையில்லை. சொட்டு விழுந்தால் நிறம் மாறும். அட்டையோடு ஒப்பிட்டால் பதில். என்னை நம்பாதவர்கள்கூட நிறத்தை நம்புவார்கள்.

நம் திருமுல்லைவாயில் மீன் வளர்ப்போர் குழுவை நீங்கள் ஆரம்பித்தபோது அதில் வெறும் குட் மார்னிங் படங்கள்தான் வந்துகொண்டிருந்தன. நான் கிட் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊறுகாய் பாட்டிலிலும் குவார்ட்டர் பாட்டிலிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆட்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்தால் அளவு கெடும் என்று நான் சொன்னபோது, "தண்ணிக்கு கொஞ்சம் தெம்பு வரட்டும்பா" என்று கிஷோர் சொன்னான். சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் கழுவிய பாட்டிலில்தான் கொண்டுவந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொல்லி நாலு பேர் கேட்டார்கள்.

இனி வேம்புலி. நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுடைய ஃப்ளவர்ஹார்ன் மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததற்குக் காரணம், எங்கள் மேனேஜரைப் போலவே அதற்கும் நெற்றி முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும், யார் எதிரே வந்தாலும் முறைக்கும். "மேனேஜருக்கு இன்னிக்கி மோஷன் சரியில்ல மாமே" என்று கேன்டீனில் அவன் சத்தமாகச் சொல்லி, உண்மையான மேனேஜர் பின்னாலேயே தட்டோடு நின்றிருந்த கதை எஸ்டேட் முழுவதும் தெரியும். கொளத்தூர்க் கடையில் தேறாது என்று ஓரமாகக் கழித்துப் போட்டிருந்த குஞ்சு அது. நகத்தளவில் வாங்கி, கையகலத்துக்கு வளர்த்தான். கண்ணாடியில் அவன் முகத்தை வைத்தால் அதுவும் வந்து நெற்றியை வைக்கும். விரலை விட்டால் கடிக்கும். கடிபட்ட விரலை நக்கிக்கொண்டே, "பாசம்பா" என்பான்.

அம்பத்தூரில் கல்யாண மண்டபத்தில் நடக்கவிருந்த மீன் கண்காட்சிக்கு மேனேஜரைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவனுக்கு ஒரே நினைப்பாக இருந்தது. "எனக்கு கல்யாணம் ஆவாட்டியும் பரவால்ல. அந்த மண்டபத்துல நம்ம மேனேஜர் மேடை ஏறணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அவன் விளையாட்டாகச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மீனுக்கு அவன் கேன் தண்ணீர்தான் ஊற்றுவான். போர் தண்ணீரின் உப்பு பட்டால் நிறம் போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவன் அம்மா சரசா அம்மா வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஊட்ல மனுசங்க போர் தண்ணி குடிக்கிறோம். இந்தத் தொர கேன் தண்ணியில குளிக்கிறாரு. இன்னா பொயப்பு இது" என்று சொல்வார். அது வீண் பேச்சில்லை, அவர்கள் வீட்டில் உண்மையாகவே அப்படித்தான். கேன் தண்ணீருக்குக் காசு ஆகும் என்பதால் அவன் தொட்டித் தண்ணீரை மாற்றுவதே இல்லை. ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்புவான். மேலே இரண்டு பாதாம் இலையைப் போட்டு வைப்பான். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும்.

"ஷோவுக்கு முன்னாடி ஒரு தபா செக் பண்ணிக் குடு மாமே" என்று அவன்தான் கேட்டான். நானாகப் போகவில்லை. தண்ணீரின் சாய நிறத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சொட்டு விடாத ஒரு குழாயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மீன் கழிவிலிருந்து சேரும் விஷமான அம்மோனியாவுக்கான அட்டை மஞ்சளில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும். எங்கள் குழாய் கடைசிப் பச்சையில் நின்றது. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கிட்டால் சொல்ல முடியாது. வேறு குப்பி, வேறு குழாய், மறுபடியும் அதே பச்சை. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே, "இந்தத் தண்ணீரில் மீன் உயிரோடு இருக்க முடியாது. ஒரு வாரம் தாங்காது" என்று எழுதினேன். இப்போது யோசித்தால், "தாங்காமல் போக வாய்ப்புண்டு" என்று எழுதியிருக்கலாம். வழக்கமாக நான் அப்படித்தான் எழுதுவேன். அன்றைக்கு நிறம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மேனேஜர் சாகவில்லை. நன்றாகச் சாப்பிட்டது. நெற்றி இன்னும் கொஞ்சம் ஏறியது என்றுகூடச் சொன்னார்கள்.

அந்த வாரம் முடிந்ததும் வேம்புலி குழுவில் தினமும் காலையில் ஒரு வீடியோ போட ஆரம்பித்தான். மீன் பெல்லட்டைப் பாய்ந்து கவ்வும். பின்னணியில் அவன் குரல்: "குட் மார்னிங் ஜோசியரே. மேனேஜர் உங்கள வெசாரிச்சாரு." நீங்களும் அதற்கு ஒரு சிரிப்புப் படம் போட்டீர்கள், சார். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான். கிஷோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலில் தண்ணீரோடு வந்தான். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டேன். "மீனுக்கு இல்ல ஜோசியரே, இது எங்க ஊட்டு சொம்புத் தண்ணி. எனக்கு எப்போ பொண்ணு கெடைக்கும்னு சொட்டு உட்டுப் பாத்து சொல்லு" என்றான். அதன் பிறகு வேறு யாரும் பாட்டில் கொண்டுவரவில்லை.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. ஒன்று கிட் தவறு, அல்லது நான் தவறு. வேறு கம்பெனிக் கிட் ஒன்று வாங்கினேன். காகிதப் பட்டையைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற வகையும் வாங்கினேன். அது மூன்று முறை முக்கினால் மூன்று பதில் சொல்லும், அதை விட்டுவிடலாம். கடைசியில் வகுப்பில் பாஸ்கரன் சாரிடம் அனுமதி கேட்டு, ஆய்வகத்தில் அளவு தெரிந்த அம்மோனியக் கரைசல்களை நானே தயாரித்து என் கிட்டைச் சோதித்தேன். ஒவ்வொரு கரைசலுக்கும் அட்டையில் எந்த நிறம் வரவேண்டுமோ அதே நிறம் வந்தது. கிட்டில் பிழையே இல்லை. அன்றைக்குச் சைக்கிளில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஒருவர் மேல் வீண்பழி விழுந்து, அது நீங்குகிறபோது பார்க்கிறவருக்கு வருமே, அந்த மாதிரி.

ஆனால் மீன் ஏன் சாகவில்லை? அதையும் பாஸ்கரன் சாரிடம் கேட்டேன். அவர் பலகையில் எதுவும் எழுதவில்லை. "தண்ணியோட பி.எச். என்னப்பா?" என்றார். மிகவும் குறைவு, அட்டையில் மஞ்சள், என்றேன். "அப்போ சரிதான். அம்மோனியாங்கறது நாய் மாதிரி. புளிச்ச தண்ணியில அது சங்கிலியில கட்டிக் கெடக்கும். மீனைக் கடிக்காது. உன் கிட்டு நாய் எத்தனைன்னு எண்ணும். சங்கிலி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது." பிறகு, போகிறபோக்கில், "போர் தண்ணி மாதிரி காரமா எதையாச்சும் மொத்தமா ஊத்திடப் போறாங்க. அத்தனையும் ஒரே நேரத்துல அவுத்துக்கும். தண்ணிய மாத்தறதா இருந்தா கேன் தண்ணியாலேயே கொஞ்சம் கொஞ்சமா மாத்தச் சொல்லு" என்றார்.

இதை அப்படியே குழுவில் எழுதியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். எழுத உட்கார்ந்தேன். மூன்று பத்தி வந்தது. நம் குழுவில் மூன்று பத்தியை யார் படிப்பார்கள்? அதோடு, கிட் சரி, ஆனால் நான் அதைப் படித்த விதம் அரைகுறை, என்றுதான் அதற்கு அர்த்தம். ஜோசியர் சாக்குச் சொல்கிறார் என்பார்கள். யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்று தோன்றியது. நாய் இருக்கிறது என்று நான் சொன்னேன். நாய் இருக்கவும் இருந்தது. கடிக்கவில்லை என்பதால் சிரிக்கிறார்கள். இது கிட்டுக்கு நியாயமில்லை.

கண்காட்சிக்கு முந்தின வாரம் வேம்புலி என்னை சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்தான். தோளில் கை போட்டான். "மாமே, ரொம்ப ஓட்டிட்டேன் உன்னிய. மனசுல வெச்சுக்காத. இனிமே அந்த ஜோசியர் வீடியோ கெடையாது, எங்கம்மா மேல சத்தியம்" என்றான். சொன்னபடி அன்றைக்கே நிறுத்திவிட்டான். பிறகு, "சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் கீது. உனக்கு லீவுதானே? கண்ணாடில பாசி புட்ச்சி கீது. நீ வந்து தொடச்சி குடு. உன் கை மாதிரி சுத்தமான கை எவனுக்கும் கெடையாது" என்றான்.

அவன் மன்னிப்புக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் முடிவை அது பாதிக்கவில்லை. அந்த இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் போனேன். சரசா அம்மா மோர் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்தேன், பஞ்சைக் கசக்கினேன், அடியில் கிடந்த கழிவை உறிஞ்சி எடுத்தேன். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் குறைந்தது. அதைப் போர் தண்ணீரால் நிரப்பினேன். கேன் தண்ணீர் இரண்டு கேன், சீல் உடைக்காமல், தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாதம் ஒரு முறையாவது தண்ணீர் மாற்றுங்கள் என்று குழுவில் நீங்களே ஒவ்வொரு வாரமும் எழுதுகிறீர்கள், சார். அதைத்தான் செய்தேன். யாரும் இதைத் தவறென்று சொல்ல முடியாது.

வெள்ளைப் பொடி என்று சரசா அம்மா உங்களிடம் சொன்னது சமையல் சோடா. மறைக்க நினைக்கவில்லை, அந்த இடம் வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன். போர் தண்ணீர் மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. என் குணம் உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே ஒரு பொட்டலம் எடுத்துப்போயிருந்தேன். சொம்பில் கரைத்து, ஃபில்டர் வாயில் மெதுவாக ஊற்றினேன். மஞ்சளாக இருந்த பி.எச். நீலத்துக்கு வந்தது. அவ்வளவு அழகான நீலத்தை நான் அந்தக் கிட்டில் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் மேனேஜருக்கு நிறம் போனது. உடம்பில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. பிறகு மேலே வந்து காற்றைக் குடித்தது. ஒரு தடவை தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அம்பு மாதிரி பாய்ந்து, கண்ணாடியில் நெற்றியை மோதியது. அந்த நேரத்தில் நான் தண்ணீர் எடுத்து அம்மோனியா பார்த்தேன். கடைசிப் பச்சை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தேன். சரசா அம்மா அடுப்பை விட்டு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, ஒரு மாதிரி கீது?"

"தண்ணி புதுசும்மா, பழகிக்கும்."

"மூச்சு வாங்குது பா. அந்தக் கேன் தண்ணிய ஊத்து. பையன் வந்தா என்னிய கேப்பான்."

"ஒரு நிமிஷம்மா. இன்னும் ஒரு அளவு எடுத்துக்கறேன்."

ஒரு வாளியில் கேன் தண்ணீரை ஊற்றி மீனை அதில் விட்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தண்ணீரில் நாயே இருந்திருக்காது. அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் மீனை நடுவில் எடுத்துவிட்டால் கிட் சொன்னது சரியா என்பது கடைசிவரை தெரியாமலேயே போயிருக்கும். சரசா அம்மா தானே கேனைத் தூக்கப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். அவர் மகனைக் கூப்பிடச் சொன்னார். ஷிப்டில் போனை எடுக்கமாட்டான், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு செவுளை மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவும் இல்லை.

வேம்புலி வந்து தொட்டியைப் பார்த்தான். சட்டைக் கையைக்கூட மடிக்காமல் முழங்கை வரை கையை விட்டு மீனை எடுத்தான். வயிற்றைத் தடவிக் கொடுத்தான். விரலை அதன் வாயருகே வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொன்னே மாமே. போட்டோ போட்டு சொன்னே. நான்தான் உன்னிய வெச்சு காமெடி பண்ணிக்கினு இருந்தேன். நானே கொன்னுட்டேன்டா இவன" என்றான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவனைத் தேற்றினேன். எல்லாரும் கற்றுக்கொள்கிறோம் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் கூட்டம். கிஷோர் உள்பட, எல்லாரும் கழுவிய பாட்டில். யாரும் ஜோசியர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் பொருட்படுத்தியிருக்கமாட்டேன்.

ஆகவே, நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதற்குப் பதில்: ஆமாம். மேனேஜரைக் கொன்றது நான்தான். தெரிந்தும், தயாராகவும், காப்பாற்ற வழியிருந்தும். என் பெருமைக்காகச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு அளவு சரியாக இருக்கும்போது அது சரி என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிட் எனக்கு அதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதற்கு நான் செய்தது அவ்வளவுதான்.

வேம்புலியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பாவம், அவன் போன வாரம் புதுக் குஞ்சு ஒன்று வாங்கியிருக்கிறான். அசிஸ்டென்ட் மேனேஜராம். தொட்டி இன்னும் பழகவில்லை, இப்போது குஞ்சை விட்டால் பிழைக்காது என்று குழுவில் எல்லாரும் பார்க்கவே அவனுக்கு எழுதியிருந்தேன். அதற்குள் ஆசைப்பட்டு விட்டுவிட்டான். நேற்றுப் போய்த் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். அம்மோனியா சுத்தமான மஞ்சள், பி.எச். நடுவில், ஒரு குறையும் இல்லை. குஞ்சும் துள்ளிக்கொண்டு சாப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மறுபடியும் ஷிப்ட். வந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். எதற்கும் போய்விட்டு வருகிறேன். வீட்டில் வைத்துச் சோதிக்கிற இந்தக் கிட்டுகளையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது, சார்.